கடல்ல சுவரே இல்லையே, அப்போ மீனெல்லாம் கலந்து ஒண்ணாயிருக்கணுமே?

கேள்வில ரெண்டு விஷயம் இருக்கு. நிலத்துல மலை ஆறு பாலைவனம்னு தடுப்பு இருக்கு, கடல்ல ஒண்ணும் இல்ல, முட்டையையும் விந்தையும் தண்ணியிலயே விடுற மீனுங்க எப்படி தனித்தனி இனமா பிரிஞ்சுது, இது ஒண்ணு. நாம மார்க்கெட்ல வாங்குறதுல கலப்பு மீன் இருக்குமா, இது இன்னொண்ணு. நான் விலங்கியல் படிச்சுட்டு வேலூர்ல நீட் பசங்களுக்கு பாடம் எடுத்துனு இருக்கற ஆளு. கடல் இங்கேர்ந்து நூறு கிலோமீட்டருக்கு மேல, ஆனா ஞாயித்துக்கிழமை நம்ம மீன் மார்க்கெட் கூட்டத்த பாத்தா அத யாரும் நம்ப மாட்டாங்க.

உங்க சந்தேகம் நியாயமானதுதான், ஏன்னா நிஜமாவே கலக்குது. முதுகெலும்பு உள்ள பிராணிகள்லயே மீன்லதான் கலப்பு அதிகம், காரணம் நீங்களே சொல்லிட்டீங்க, கரு சேர்றதே உடம்புக்கு வெளியில, பக்கத்துல வேற இனம் முட்டை விட்டுனு இருந்தா அதோட விந்து இங்க வந்து ஒட்டிக்கும். சரி, உடம்புக்குள்ள கரு சேர்ற சுறாவாவது தப்பிச்சுதான்னா அதுவும் இல்ல, ஆஸ்திரேலியா கிழக்கு கடற்கரையில ரெண்டு வகை கருந்துடுப்பு சுறா கலந்து பொறந்த 57 சுறாவ ஜீன் டெஸ்ட் வச்சு கண்டுபிடிச்சாங்க. ஆனா கலக்கறது வேற, ஒண்ணாயிடறது வேற.

முதல்ல ஒரு விஷயம், கடல்ல சுவரே இல்லன்னு சொல்ல முடியாது, இருந்துச்சு, இப்ப தண்ணிக்குள்ள இருக்கு. சுமார் 20,000 வருஷம் முன்னாடி பனியுகத்துல கடல் மட்டம் இன்னிக்கு இருக்கறத விட 120 மீட்டர் வரைக்கும் கீழ இருந்துச்சு. ராமேஸ்வரத்துலேர்ந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். அந்த மாதிரி காலத்துலல்லாம் மலேசியா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம், இந்தியப் பெருங்கடல் மீனுக்கும் பசிபிக் மீனுக்கும் நடுவுல பெரிய தடுப்பு. இப்படி ஒரு தடவை இல்ல, பல தடவை மூடி மூடி தொறந்திருக்கு. மூடியிருந்தப்ப ரெண்டு பக்கமும் தனித்தனியா மாறிச்சு, தண்ணி ஏறினதும் திரும்ப சந்திச்சுக்கிச்சு. சந்திக்கற இடம் இந்தியப் பெருங்கடலோட கிழக்குல இருக்கற கிறிஸ்துமஸ் தீவு, கோகோஸ் தீவு பக்கம். நம்ம பக்கத்து நீல நிற பவுடர் ப்ளூ டாங் மீனும் பசிபிக் பக்கத்து கருப்பு சொந்தக்காரனும் அங்க ஜோடி சேர்ந்து நடுத்தரமா ஒரு கலர்ல குஞ்சு பொரிச்சு வச்சிருக்கு. பவளப்பாறை மீன் கலப்புக்கு உலகத்துலயே பேர் போன இடம் அது.

இப்ப கஷ்டமான கேஸ். தடுப்பே இல்லாம ஒரே பாறையில இருந்துகினே எப்படி பிரியும்? கரீபியன் கடல்ல ஹேம்லெட்னு ஒரு மீன் கூட்டம் கீது, உள்ளங்கை அளவு, 15க்கும் மேல வகை, ஒண்ணு நீலம், ஒண்ணு மஞ்சள், ஒண்ணு கருப்பு, ஒண்ணு பட்டை போட்டது. ஒரே பாறையில நாலஞ்சு வகை சேர்ந்து வாழும். ஒவ்வொரு மீனும் ஒரே நேரத்துல ஆணும் பொண்ணும். பொழுது சாயற நேரத்துல ரெண்டு ரெண்டா வந்து ஒடம்ப சுத்திக்கும், ஒண்ணு முட்டை விட இன்னொண்ணு விந்து விடும், கொஞ்ச நேரம் கழிச்சு இப்ப உன் டர்ன்னு மாத்திக்கும், இருட்டுறதுக்குள்ள பல ரவுண்டு நடக்கும். இதுல கவனிக்க வேண்டியது, பெரும்பாலும் தன் கலர் மீனோடதான் ஜோடி சேரும், எப்பவாவதுதான் மாறும். சரி ஜீனோம், அதாவது மொத்த டிஎன்ஏவையும் முழுக்க படிச்சு பாப்போம்னு பாத்தா, இந்த வகைகளுக்கு நடுவுல வித்தியாசமே கிட்டத்தட்ட இல்ல! சில சின்ன இடத்துல மட்டும்தான் பளிச்னு வித்தியாசம் தெரியுது, அந்த இடங்கள்ல இருக்கற ஜீன்ல கலருக்கு சம்பந்தப்பட்டதும் இருக்கு, கண்ணுக்கு சம்பந்தப்பட்டதும் இருக்கு. அதாவது என்ன கலரா இருக்கேங்கறதும், யார் கலர் எனக்கு எப்படி தெரியுதுங்கறதும் மட்டும் பிரிஞ்சு நிக்குது, மத்ததெல்லாம் இப்பவும் கலந்துனுதான் இருக்கு. என்னைக் கேட்டா உங்க கேள்விக்கான பதில்ல பாதி இதுதான். இனம் பிரியறதுக்கு மொத்த ஜீனோமும் பிரிய வேண்டியதில்ல, சில துண்டு கலக்காம நின்னா போதும்.

அந்த துண்டு எப்படி கலக்காம நிக்கும்னு பசங்க கேப்பாங்க. ஜீனெல்லாம் வரிசையா கோத்து வச்ச நூல் மாதிரிதான் குரோமோசோம். விந்து, முட்டை உருவாகறப்ப அப்பாகிட்டேர்ந்து வந்த குரோமோசோமும் அம்மாகிட்டேர்ந்து வந்ததும் துண்டு மாத்திக்கும், காட்பாடி ஜங்ஷன்ல பெட்டிய கழட்டி வேற வண்டியில மாட்டற மாதிரி. ஆனா குரோமோசோம்ல ஒரு பகுதி அப்படியே தலைகீழா திரும்பி ஒட்டிக்கிச்சுன்னா, திரும்பினதுக்கும் திரும்பாததுக்கும் நடுவுல அந்த இடத்துல மாத்தல் ஒழுங்கா நடக்காது, அதுல இருக்கற நூத்துக்கணக்கான ஜீனும் ஒரே கட்டா பிள்ளைக்கு போகும். காட் லிவர் ஆயில் மாத்திரை எடுக்கறாங்களே அந்த காட் மீன்ல இத நல்லா பாக்கலாம். நார்வேல ஒரு கூட்டம் கரையோரமே இருக்கும், இன்னொண்ணு வடக்க பாரன்ட்ஸ் கடல்ல மேஞ்சுட்டு முட்டை விட மட்டும் லோஃபோட்டன் தீவு பக்கம் வரும். ரெண்டும் சந்திக்குது, கலக்குது, ஆனாலும் முதல் குரோமோசோம்ல தலைகீழான ஒரு பெரிய கட்டு ரெண்டு கூட்டத்தையும் பிரிச்சு காட்டுது.

இன்னொரு தடை பிறந்ததுக்கு அப்புறம் வர்றது. இது நன்னீர் மீன், ஆனா விஷயம் ஒண்ணுதான். வேலூர்லயே கலர் மீன் கடையில கிடைக்கும், பிளாட்டி, ஸ்வோர்ட்டெயில். பிளாட்டில கருப்பு புள்ளிய தூண்டற ஒரு ஜீன் இருக்கு, அத அடக்கி வைக்க இன்னொரு ஜீனும் இருக்கு. ஸ்வோர்ட்டெயில்ல அந்த அடக்குற ஜீன் இல்ல. ரெண்டையும் கலந்து, பொறந்தத மறுபடி ஸ்வோர்ட்டெயிலோட சேத்தா, சில குட்டிக்கு தூண்டறது மட்டும் வந்து சேரும், அடக்கறது வராது, அதுங்களுக்கு தோல் புத்துநோயே வந்துடும். தன் தன் வீட்டுல ஒழுங்கா இருந்த ஜீனுங்கதான் எல்லாம்.

எல்லா கலப்பும் இப்படி நாசமாவும் போகாது. பப்புவா நியூ கினி, சாலமன் தீவு பக்கம் ஒரு கிளவுன் ஃபிஷ்ஷுக்கு 1973ல தனி இனம்னு பேர் வச்சாங்க, அது ரெண்டு இனத்தோட கலப்புன்னு அப்புறம்தான் உறுதியாச்சு. கிளவுன் ஃபிஷ்ல கூட்டத்துலயே பெருசுதான் பொண்ணு. கிளவுன் ஃபிஷ் குடியிருக்கறது கடல் சாமந்தியில, பூ மாதிரி தெரியற ஒரு கடல் பிராணி அது. ஒரே கடல் சாமந்தியில ரெண்டு இனம் குடியிருந்தா பெரிய இனத்து மீன்தான் எப்பவும் அம்மா. அம்மா வழியா மட்டும் போற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவ பாத்தா அதேதான், எல்லாம் பெரிய இனத்தோடது. ஜாதகம் பாத்து சொன்னா கூட இவ்ளோ கரெக்டா வராது.

தலைகீழ் கேஸும் உண்டு. பழவேற்காடு மடவை சாப்டிருப்பீங்க, அதுல ஒரு வகைக்கு, உயிரினங்களுக்கு அறிவியல் பேர் வைக்கற முறைய கொண்டுவந்த லின்னேயஸ் 1758ல வச்ச ஒரே பேர் உலகம் முழுக்க ஓடினு இருக்கு, ஜீன் பாத்தா பத்துக்கும் மேல தனி வம்சம், தைவான் கடல்ல மட்டும் மூணு ஒண்ணா நீந்துது ஆனா கலக்கல. கண்ணுக்கு ஒரே மீன்தான்.

மார்க்கெட் விஷயத்துக்கு வர்றேன். நாகப்பட்டினம், கடலூர், மங்களூர்லேர்ந்து வர்ற வஞ்சிரம், சங்கரா, மத்தியில கலப்பு மீன் உங்க பையில விழறதுக்கு வாய்ப்பு கம்மி. மலேசியாவுல புலிக் கலவா முட்டையில ராட்சச கலவாவோட விந்த சேத்து வேகமா வளர்ற கலவாவ பண்ணையில வளக்கறாங்க, அது தப்பிச்சு கடல்ல கலந்தா என்ன ஆகும்னு அங்க கவலை ஓடுது. நம்ம ஊர்ல கலப்பு பாக்கணும்னா ஏரி மீன் பக்கம் போங்க. கட்லாவும் ரோகுவும் கலந்த குஞ்சு பொரிப்பகத்துலயே வந்துடும், ஏரில விடறப்ப யாரும் எண்ணி பாக்கறதில்ல. காவேரிப்பாக்கம் ஏரி மீன்னு குவிச்சு வச்சிருப்பாங்க, அதுல கட்லா மாதிரி அகலமா இருந்து தலை மட்டும் சின்னதா தெரிஞ்சா சந்தேகப்படலாம். தலை சின்னதுன்னா கறி ஜாஸ்தி, வாங்கிடுங்க.