ஏழாவது வரி சுத்தம்!

கேள்வி: ஐயா, பிளஸ் டூ படிக்கும் மகனின் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு மதிய நேரத்தில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி கற்றுவருகிறேன். கரண்ட் பில் கணக்கிட ஒரு புரோகிராம் எழுதினேன். ஏழாவது வரியில் சின்டாக்ஸ் எரர் (எழுதும் முறையில் பிழை) என்கிறது. அந்த வரியை அழித்து அழித்து அடித்தாகிவிட்டது. வயது 46, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். இது எனக்கு வராதோ? திரையைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: வராமல் என்ன! ஏழாவது வரியில் ஒரு குறையும் இல்லை, அதை விட்டுவிடுங்கள். கோளாறு ஆறாவதில். எத்தனை யூனிட் என்று கேட்டு வாங்கும் இடத்தில் எண்ணாக மாற்றும் ‘இன்ட்’டுக்கு ஒன்று, விடையை வாங்கும் ‘இன்புட்’டுக்கு ஒன்று என இரண்டு பிராக்கெட் திறந்து, ஒன்றைத்தான் மூடியிருக்கிறீர்கள். மூடாதவரை அந்த வரி முடியவில்லை என்றே பைத்தான் எடுத்துக்கொள்ளும். மூடும் பிராக்கெட்டைத் தேடி அடுத்த வரிக்குள் போய், அங்கே சம்பந்தமில்லாமல் நிற்கும் ‘பிரிண்ட்’டைக் கண்டு முழிக்கும். முழித்த இடத்தின் எண்ணைத்தான் உங்களிடம் சொல்கிறது. 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பிலிருந்து பெரும்பாலும் ‘பிராக்கெட் மூடப்படவில்லை’ என்று சரியான வரியையே காட்டிவிடும். உங்கள் வீட்டில் பழைய பதிப்பு போல. புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

இதைச் சரிசெய்ததும் வேறொரு எரர் வரும். பயப்படாதீர்கள், பைத்தான் ஒரு நேரத்தில் ஒரு சின்டாக்ஸ் எரரைத்தான் சொல்லும். ஒன்பதாவது வரியில் ‘இஃப்’ முடிவில் கோலன் (:) இல்லை. வீட்டு இணைப்பா என்று பார்க்கும் வரியில் சமக்குறி இரண்டு வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது. அதே வரியில் மேற்கோள்குறிகள் வளைந்து நிற்கின்றன. வேர்டில் அடித்து ஒட்டினீர்களா? அது நேர்குறியைத் தானாகவே வளைத்துவிடும். பைத்தான் அதை ஏற்காது. கையாலேயே அடியுங்கள்.

ஹையர் பாஸ் என்றதும் எனக்கு என் கதை நினைவுக்கு வந்தது. மஞ்சக்குப்பத்தில் நான் டைப்ரைட்டிங் பழகிய மெஷினில் 1 என்ற விசையே கிடையாது. சின்ன ‘எல்’லை அடித்து ஒன்றாக வைத்துக்கொள்வோம். பிறகு ‘சி’ என்ற கம்ப்யூட்டர் மொழி கற்கப் போனபோதும் விரல் பழைய இடத்துக்கே போனது. நான் 10 என்று நினைத்து அடித்தது, எல்லும் சைபரும். அப்படி ஒரு பெயரை யாரும் அறிவிக்கவே இல்லையே என்று, புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர் சாதித்தது. திரையில் பார்த்தால் எனக்கு அது பத்தேதான். இரண்டு நாள் தூக்கம் போனது. கண்டுபிடித்துச் சொன்னது, என்னிடம் ஷார்ட்ஹேண்ட் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண்.

உங்கள் பன்னிரண்டாவது வரியில் இலவச யூனிட் 100 என்று இருக்கிறதே, அதன் முதல் எழுத்தை அழித்து, மேல்வரிசை விசையில் இன்னொரு முறை அடித்துவிடுங்கள். படத்தில் எனக்கு அது ஒன்றாகத் தெரியவில்லை.