இரண்டு ஊர் நேரம் காட்டும் சாவிக் கடிகாரம்: கேள்வி பதில்

தருமபுரியில் பட்டறை வைத்து, சாவி கொடுக்கும் கடிகாரங்களையும் ஆட்டோமேட்டிக் கடிகாரங்களையும் பழுது பார்த்தும், கேட்பவர்களுக்குப் புதிதாகக் கோத்துக் கொடுத்தும் வருகிறேன். இரு நேரக் கடிகாரம் அமைப்பது பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விலை விசாரணைகளையும் குவார்ட்ஸ் பற்றிய கேள்விகளையும் ஒதுக்கிவிட்டேன்.

பாலக்கோடு உறுப்பினர்: ஐயா, அண்ணன் துபாயில் இருக்கிறார். அவருடைய நேரத்தைப் பார்ப்பதற்காக சீகோவின் என்எச்34 மெஷினில் (கடிகாரத்தின் உள் இயந்திரம்) 24 மணி முள், அதாவது நாளுக்கு ஒரே சுற்று சுற்றும் முள், வைத்த கடிகாரம் ஒன்றைக் கோத்தேன். அந்த முள் எப்போதும் அரை மணி முன்னே அல்லது பின்னே நிற்கிறது. மெஷினில் குறையா?

மெஷினில் குறை இல்லை, தம்பி. இந்த வகைக் கடிகாரம் 1950களில் பான் அமெரிக்கன் விமானிகளுக்காக ரோலக்ஸ் செய்த ஜிஎம்டி மாஸ்டரிலிருந்து பரவியது (ஜிஎம்டி என்பது கிரீன்விச் நேரம்). லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே முழு மணிக் கணக்கில்தான் வித்தியாசம் என்பதால், முழு மணிகளை மாற்றிக் காட்டினாலே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. உங்கள் மெஷினின் 24 மணி முள்ளும் ஒரு மணி ஒரு மணியாகத்தான் தாவும். நாமோ கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே இருக்கிறோம். துபாய் நான்கு மணிதான் முன்னே இருக்கிறது. மிச்சமாகும் ஒன்றரை மணியில் உள்ள அந்த அரையைத் தாவும் முள்ளால் ஒருநாளும் பிடிக்க முடியாது. நம் ஊரில் இரு நேரக் கடிகாரம் அமைக்க வருபவர் டயல் நிறத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த அரை மணிக்கு வழி தேட வேண்டும்.

வழி எளியது. 24 மணி வட்டத்தில் ஒரு மணி என்பது 15 பாகை, அரை மணி ஏழரைப் பாகை. முட்களைக் கழற்றிவிட்டு, கிரௌனை (சாவி கொடுக்கும் பக்கத் திருகு) முன்னோக்கியே திருகித் தேதி மாறும் இடத்தில் நிறுத்துங்கள். பின்னோக்கித் திருகி நிறுத்தினால் பற்சக்கரங்களின் தளர்வு உங்களை ஏமாற்றிவிடும். மணி முள்ளையும் நிமிட முள்ளையும் சரியாக 12இல் அழுத்துங்கள். 24 மணி முள்ளை மட்டும் ஏதாவது இரண்டு எண்களுக்கு நட்டநடுவே வைத்து அழுத்துங்கள். அதன் பிறகு எத்தனை முறை தாவ வைத்தாலும் அது அரை மணி தள்ளியே நிற்கும். இங்கே காலை 10 மணி ஆகும்போது துபாய் முள் 8க்கும் 9க்கும் நடுவிலும், இங்கே 10.30 ஆகும்போது சரியாக 9இன் மேலும் இருக்கும்.

நிமிடத்தைப் படிப்பதற்கு இன்னொரு வேலை செய்யலாம். நிமிட முள்ளின் வாலை முள்ளின் அளவுக்கே நீட்டி, இரு முனை முள்ளாகச் செய்துகொண்டால், எதிர்முனை எப்போதும் முப்பது நிமிடம் தள்ளியே காட்டும். அதுவே துபாயின் நிமிட முள். இது புதுமையும் அன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், உள்ளூர் நேரத்துக்கும் லண்டன் நேரத்துக்கும் இருந்த பத்து நிமிட வித்தியாசத்தைக் காட்ட இரண்டு நிமிட முட்கள் வைத்த பொதுக் கடிகாரம் இன்றும் இருக்கிறது. முள்ளை எஃகுத் தகட்டில் வெட்டினால், மெருகிட்ட பின் ஒரு பாதியை மட்டும் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீலமாக்கலாம். வெப்பம் மற்றப் பாதிக்கும் ஓடிவிடும் என்பதால், அதைப் பிறகு மறுபடி மெருகிட்டு வெள்ளையாக்க வேண்டியிருக்கும். நீலம் துபாய், வெள்ளை தருமபுரி.

ஓர் எச்சரிக்கை: நான்கு முட்கள் அடுக்கடுக்காக நிற்கும் கடிகாரத்தில் கண்ணாடிக்கும் மேல் முள்ளுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்காமல் மூடாதீர்கள். முள்ளின் நடுவில் கடுகளவு ரோடிகோ பசையை (கடிகாரப் பாகங்களைச் சுத்தம் செய்யும் மென்மையான களிமண் போன்ற பசை) வைத்துக் கண்ணாடியைப் பொருத்தி எடுங்கள். பசை நசுங்கியிருந்தால் அந்தக் கேஸ் (கடிகாரக் கூடு) ஆகாது.

கிருஷ்ணகிரி, கிரானைட் ஏற்றுமதி செய்பவர்: ஜெர்மனியில் ஆண்டுக்கு இருமுறை நேரத்தை மாற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைத் திறக்க வேண்டுமா?

வேண்டாம். குளிர்காலத்தில் நான்கரை மணி, கோடையில் மூன்றரை மணி வித்தியாசம். அரை இரண்டிலும் அப்படியே இருப்பதால், மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் ஒரு தாவல் தாவ வைத்தால் போதும்.

ஓசூர், டூல்ரூமில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்: முள்ளைக் கோணலாக அழுத்துவது ஒட்டு வேலை. ஒரே கேஸில் இரண்டு சிறிய மெஷின்களை வைத்துவிட்டால் எந்த வித்தியாசத்தையும் காட்டலாமே. நேபாளத்தின் கால் மணிக்கு உங்கள் முறை என்ன செய்யும்?

நேபாளத்துக்கு என் முறை பயன்படாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு மெஷின் என்பது இரண்டு பேலன்ஸ், அதாவது வேகத்தைத் தீர்மானிக்கும் ஆடு சக்கரங்கள் இரண்டு. ஒன்று நாளுக்கு எட்டு வினாடி கூடுதலாகவும் மற்றது எட்டு வினாடி குறைவாகவும் ஓடினால், இரண்டையும் நல்ல மெஷின் என்றே சொல்வோம்; ஆனாலும் ஒரே வாரத்தில் இரண்டுக்கும் நடுவே 112 வினாடி விழுந்துவிடும். அப்போது எதை நம்புவீர்கள்?

அவரே மீண்டும்: டைம்கிராஃபரில் (கடிகாரத்தின் வேகத்தை அளக்கும் கருவி) இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டு வந்துவிடலாம்.

டயல் மேலே பார்க்க மேசையில் படுத்திருக்கும்போது கொண்டு வரலாம், ஐயா. நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் ஒரு கிரௌன் 3 மணிப் பக்கமும் மற்றது 9 மணிப் பக்கமும் இருக்கின்றன. அதாவது ஒரு மெஷின் தலைகீழாகத் திருப்பப்பட்டிருக்கிறது. கடிகாரத்தை 3 மணிப் பக்கம் கீழே இருக்க நிறுத்தினால், ஒன்று கிரௌன் கீழ் நிலையிலும் மற்றது கிரௌன் மேல் நிலையிலும் ஓடும். கடிகாரம் இருக்கும் நிலைக்கேற்ப வேகம் மாறுவதால் வரும் நிலைப் பிழைகள் இரண்டிலும் எதிரெதிராக விழும்.

காவேரிப்பட்டணம் உறுப்பினர்: அப்பாவின் எச்எம்டி ஜனதாவை இரு நேரக் கடிகாரமாக மாற்ற முடியுமா?

மாற்ற முடியும், மாற்றக் கூடாது. 17 கல் வைத்த அந்த மெஷின் இனிப் புதிதாக வரப்போவதில்லை. எச்எம்டியின் கடிகாரப் பிரிவை 2016இல் மூடிவிட்டார்கள். ஆயில் சர்வீஸ் செய்து அப்பாவின் நினைவாகக் கட்டுங்கள். சோதனைக்கு வேறு மெஷினை எடுங்கள்.

ஊத்தங்கரை உறுப்பினர்: என்னுடைய டைவர் கடிகாரத்தின் பெசலில் (கண்ணாடியைச் சுற்றியுள்ள சுழலும் விளிம்பு) 24 மணி வளையத்தை ஒட்டினால் போதாதா?

உங்கள் கடிகாரத்தில் 24 மணி முள்ளே இல்லை. சாதாரண மணி முள்ளுக்கு 12 மணி வளையம்தான் பொருந்தும். மேலும், 120 சொடுக்குப் பெசலில் ஒரு சொடுக்கு மூன்று பாகை. 24 மணி வளையத்தில் அரை மணிக்கு இரண்டரைச் சொடுக்கு தேவைப்படுவதால் அது நடுவழியில் நிற்கும். 12 மணி வளையத்தில் அரை மணி 15 பாகை, அதாவது சரியாக ஐந்து சொடுக்கு. இருப்பவற்றுள் செலவு குறைந்த வழி இதுதான். டைவர் பெசல் ஒரே திசையில்தான் சுழலும் என்பதை மறக்க வேண்டாம்.

அரூர் உறுப்பினர்: மணி முள் தனியாகத் தாவும் மியோட்டா 9075தான் உண்மையான ஜிஎம்டி என்கிறார்களே?

விமானத்தில் பறப்பவர்களுக்கு அது வசதி. ஆனால் பெங்களூரில் ஏறித் துபாயில் இறங்கும் நம்மவர் மணி முள்ளைத் தாவ வைத்தாலும் அரை மணிக்காகக் கடிகாரத்தை நிறுத்தி நிமிட முள்ளைத் திருகத்தான் வேண்டும். அப்போது 24 மணி முள்ளும் கூடவே நகர்ந்துவிடும். நம் அரை மணி அந்த வசதியில் பாதியைத் தின்றுவிடுகிறது. வீட்டிலிருந்து போன் பேசுவதற்கு என்எச்34 போதும். எதை வாங்கினாலும் கண்ணாடி இடைவெளியைப் பாருங்கள்.

ஓசூர்க்காரர் மூன்றாம் முறையாக: இரண்டு மெஷின்களையும் 12 மணிப் பக்கம் ஒன்று, 6 மணிப் பக்கம் ஒன்று என மேலும் கீழுமாக வைத்து, இரண்டு கிரௌன்களையும் ஒரே பக்கம் கொண்டு வந்துவிட்டேன். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

நல்ல பதில். நிலைப் பிழை பற்றிய என் ஆட்சேபத்தில் பெரும்பகுதி இதோடு போயிற்று. 17.2 மி.மீ. குறுக்களவுள்ள இடிஏ 2660 இரண்டை அடுக்கினால் நீளம் 34.4 மி.மீ., சுவரோடு சேர்த்து நாற்பதை நெருங்கும், அகலம் குறைவு. நீள்சதுரக் கேஸுக்கு ஏற்ற அமைப்பு. எனினும் இரண்டு பேலன்ஸ்களும் ஒன்றாகிவிடவில்லை.

உங்களிடம் பல் வெட்டும் இயந்திரம் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். இதை நான் செய்வதைவிட நீங்கள் செய்வதே பொருத்தம். 36.6 மி.மீ. அகலமுள்ள இடிஏ 6497 மெஷினை எடுத்து, அதன் டயல் பக்கத்தில் ஒரு மெல்லிய தகட்டைப் பொருத்துங்கள். நிமிட முள் ஏறும் கேனன் பினியனிலிருந்து (பினியன் என்பது சிறு பற்சக்கரம்) ஓர் இடைச்சக்கரம், அதிலிருந்து முதல் பினியனுக்குச் சமமான பல் எண்ணிக்கையுள்ள இரண்டாவது பினியன், அதன் மேல் மணி முள்ளுக்காக இன்னொரு பன்னிரண்டுக்கு ஒன்று குறைப்பு. நடுவே அந்த இடைச்சக்கரம் இல்லாமல் நேராகக் கோத்தால் இரண்டாவது நிமிட முள் எதிர்த்திசையில் ஓடும். இரண்டாவது பினியனை அதன் சக்கரத்தின் மேல் உராய்வுப் பிடிப்பில் வைத்துத் தனிக் கிரௌனால் திருப்பினால், முதல் நேரம் அசையாது. அரை மணி, நேபாளத்துக் கால் மணி எல்லாம் சாத்தியம். பேலன்ஸ் ஒன்றே என்பதால் இரண்டு நேரங்களும் விலகவே விலகாது. பிடிப்பு இறுக்கமாக இருந்தால் திருப்பும்போது முதல் முட்களும் இழுபடும். தளர்ந்தால் இரண்டாவது நேரம் பின்தங்கும். வேலை முழுவதும் அந்த ஒரு பிடிப்பில்தான் இருக்கிறது.

பென்னாகரம் உறுப்பினர்: ஐயா, எச்எம்டி ஜனதாவை இரு நேரமாக…

மேலே காவேரிப்பட்டணத்துக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

தருமபுரி, பெற்றோர் ஒருவர்: மகள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கிறாள். நானும் ஏழரைப் பாகை தள்ளி வைக்க வேண்டுமா?

வைக்கக் கூடாது, அம்மா. அடிலெய்டும் நம்மைப் போல அரை மணி ஊர்தான். கிரீன்விச்சுக்கு ஒன்பதரை மணி முன்னே. நமக்கும் அவர்களுக்கும் முழு நான்கு மணி வித்தியாசம், அவர்களுடைய கோடையில் ஐந்து. கடையில் கிடைக்கும் ஜிஎம்டி கடிகாரத்தை முள்ளைத் தொடாமல் அப்படியே கட்டிக்கொள்ளலாம்.