ஓநாய்களின் பாடகர் – கடிதம்

அன்புள்ள சார்,

அமெரிக்க நாட்டுப் பாடகர் மைக்கேல் ஹர்லியின் கடைசி ஆல்பம் ‘ப்ரோக்கன் ஹோம்ஸ் அண்ட் கார்டன்ஸ்’ பற்றி நீங்கள் எழுதிய நாலு வரிக் குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்டுப் பார்த்தேன். மன்னிக்கவும், எனக்கு ஒட்டவில்லை. கிழவர் குரல் பிசிறடிக்கிறது. தாளம் தூங்கி வழிகிறது. பழைய ஆல்பங்களைத் தேடிப் போனால், சில பாட்டுகளை மறுபடி மறுபடி பதிவு செய்து வைத்திருக்கிறார். கைவசம் சரக்கு தீர்ந்துவிட்டதா? இறந்தவர் மேல் வரும் பரிவில்தான் பாராட்டுகிறீர்களோ என்றும் தோன்றியது. இல்லையென்றால் எங்கிருந்து தொடங்கிக் கேட்பது? இசைத்தட்டாக வாங்கினால்தான் சரி என்கிறான் நண்பன். உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பரிவு கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2025 மார்ச் கடைசியில் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில், பிக் இயர்ஸ் இசை விழாவில் பாடிய மனிதர் ஏப்ரல் 1 அன்று போய்விட்டார். வயது 83. ஆல்பம் செப்டம்பரில் வந்தது. ஆனால் பாடகர் போனபின் அலமாரியைத் துழாவி, மிச்சம் மீதியை ஒட்டுப்போட்டு விற்கும் ரகம் இல்லை இது. அவரே முடித்து வைத்துவிட்டுப் போனது.

சரக்கு தீர்ந்த விஷயத்துக்கு வருகிறேன். ஹர்லியின் முதல் ஆல்பத்தை 1964-இல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி வெளியிட்டது. பதிவு செய்தவர் ஃப்ரெடரிக் ராம்ஸே. பழைய அமெரிக்க நாட்டுப் பாடகர் லெட் பெல்லியின் கடைசிக் காலப் பாடல்களைப் பிடித்து வைத்த அதே டேப் மெஷினில்தான் இந்தப் பையனையும் பதிந்தார். அதில் ஓநாய் மனிதனைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. 1971-இல் வந்த ‘ஆர்ம்சேர் பூகி’யிலும் அதே பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். முதலாவதில் குரலை நீட்டி இழுத்து, துக்கத்தையெல்லாம் கொட்டிவிடுகிறார். இரண்டாவதில் அடக்கி வாசிக்கிறார். அப்போதுதான் கொல்கிற அந்த ஓநாய் மனிதன் மேலேயே நமக்கு இரக்கம் வருகிறது. 2003-இல் பாடகி கேட் பவர் இதே பாட்டை எடுத்துப் பாடியபோது அது வேறொருத்தியின் சோகமாகிவிட்டது.

பதிவு செய்தால் பாட்டு முடிந்துவிட்டது என்பது இசைத்தட்டுக் கம்பெனிகளின் கணக்கு. அதற்கு முன்பு நாட்டுப் பாடகர்கள் யாரும் அப்படி நினைத்ததில்லை. இருபது வயதில் எழுதியதை எழுபதில் பாடிப் பார்த்தால் என்ன ஆகிறது என்று பார்க்கிறார் ஹர்லி. பிசிறடிக்கும் குரலை வைத்துக்கொண்டு இதைச் செய்யத் துணிச்சல் வேண்டும்.

தாளம் தூங்கவில்லை. கிதாரில் கட்டைவிரலைக் கவனியுங்கள், தடித்த தந்திகளில் அது பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். குரல்தான், ஈசிசேரில் சாய்ந்திருப்பவர் கூப்பிட்டவுடன் எழுந்து வராத மாதிரி, ஓர் அரை அடி பின்னால் வரும். நடுவில் ட்ரம்பெட் கேட்டால் ஏமாறாதீர்கள், கருவி இல்லாமல் வாயாலேயே அந்தச் சத்தத்தை எழுப்புவது அவர் வழக்கம். எல்வுட் ஸ்நாக் என்று தனக்கே ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டு, பூன், ஜாக்கோ என்று இரண்டு ஓநாய்களைக் கதாபாத்திரமாக்கிப் படக்கதை வரைந்தவர். அவரை மற்றவர்கள் பாணியில் பாடச் சொல்லி யார் கேட்க முடியும்? எழுபதுகளின் தொடக்கத்தில், சின்ன வயது நண்பரும் பாடகருமான ஜெஸ்ஸி காலின் யங்கின் ரக்கூன் இசைத்தட்டு லேபிள் அவரை அவர் போக்கிலேயே விட்டது. பிறகு பெரும்பாலும் சின்னச் சின்னக் கம்பெனிகள்தான். 2007-இல் ‘ஆன்செஸ்ட்ரல் ஸ்வாம்ப்’ ஆல்பத்தை வெளியிட்டது, பேரன் வயதுள்ள பாடகர் தேவேந்திர பன்ஹார்ட்டின் லேபிள்.

எல்லாமே மணிகள் என்று சொல்ல மாட்டேன். ஒயின், பீர், சாப்பாடு என்று அவர் பாடியவற்றில் பாதி எனக்குச் சலித்துவிட்டது. குடித்தவர் சிரிப்பு குடிக்காதவருக்கு எவ்வளவு நேரம்தான் சிரிப்பாக இருக்கும்?

கடைசி ஆல்பத்திலிருந்து தொடங்கியதுதான் உங்களுக்கு இடித்திருக்கிறது. 1976-இல் வந்த ‘லாங் ஜர்னி’யில் ‘ஹாக் ஆஃப் தி ஃபர்சேக்கன்’ என்றொரு பன்றிப் பாட்டு இருக்கிறது. ஃபிடிலும் குரலும்தான் அதில் முன்னால் நிற்கும். ‘டெட்வுட்’ என்ற அமெரிக்க டிவி தொடரின் முதல் எபிசோட் முடியும்போது ஒலிப்பது அதுதான். தொடரைப் பார்த்திருந்தால் ஏற்கெனவே ஹர்லியைக் கேட்டிருக்கிறீர்கள். வேடிக்கையா, சாபமா என்று கடைசிவரை காட்டிக்கொடுக்காமல் பாடுவார். அங்கே தொடங்கி ‘ஆர்ம்சேர் பூகி’, பிறகு ஆரிகன் மாநிலத்து அஸ்டோரியாவில் பதிவான 2021-இன் ‘தி டைம் ஆஃப் தி ஃபாக்ஸ்க்ளவ்ஸ்’, அதற்கப்புறம் இந்தக் கடைசி ஆல்பம். அப்போதும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள், குற்றமில்லை.

இசைத்தட்டா? பாட்டுக்காக என்றால் தேவையில்லை, போனில் கேட்டாலே போதும். ‘ஆர்ம்சேர் பூகி’யின் பழைய தட்டு எங்காவது கண்ணில் பட்டால் மட்டும், பாட்டைவிட அந்த ஓநாய்ப் படங்களுக்காக வாங்கலாம். அதோடு அவர் வரைந்த படக்கதைப் புத்தகம் ஒன்றும் வந்தது. அது உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.