சின்ன கம்பெனிக்கு கிளவுட் பேக்கப் எடுக்கறப்ப ஜிபி ரேட்டை வெச்சு முடிவு பண்ணலாமா?

கேள்வி கேட்டவர் வேலூர்ல 40 பேர் வேலை செய்யற யூனிட் வெச்சிருக்காரு, கிளவுட் பேக்கப்பும் (டேட்டாவோட காப்பியை இன்டர்நெட் வழியா வெளி சர்வர்ல வைக்கறது) டிசாஸ்டர் ரெக்கவரியும் (சர்வர் போனா வேலையை உடனே திரும்ப ஓட வைக்கறது) எடுக்கணும், மூணு கொட்டேஷன் வந்திருக்கு, ஜிபிக்கு எது கம்மியோ அதையே எடுத்துக்கலாமான்னு கேக்கறாரு. எடுக்காதீங்க. நான் ராணிப்பேட்டை பக்கம் ஷூவோட மேல் பாகத்தை வேற கம்பெனிக்கு தைச்சு குடுக்கற ஒரு ஜாப் வொர்க் யூனிட்ல அக்கவுண்ட்ஸ் பார்க்கறேன், சிஸ்டம் வேலையும் என் தலையில தான், நாங்களும் ரேட்டை பார்த்து தான் எடுத்தோம், அதுக்கு என்ன விலை குடுத்தோம்னு சொன்னா உங்களுக்கு உபயோகமா இருக்கும்.

சில வருஷம் முன்னாடி ஒரு திங்கட்கிழமை காலைல வந்து கணக்கு சாஃப்ட்வேர் டாலியை ஓபன் பண்ணா கம்பெனி லிஸ்ட்ல ஒண்ணுமே இல்ல. சர்வர்ல போய் டேட்டா ஃபோல்டரை திறந்தா எல்லா ஃபைல் பேருக்கும் பின்னாடி படிக்கவே முடியாத எழுத்து ஒட்டிகினு இருக்கு, நடுவுல ஒரே ஒரு நோட்பேட் ஃபைல், பணம் கட்டுன்னு. ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து பார்க்கறதுக்குன்னு ரிமோட் டெஸ்க்டாப்பை, அதாவது வெளிய இருந்தே நம்ம சர்வரை இயக்கற வசதியை, நேரா இன்டர்நெட்ல திறந்து விட்டிருந்தோம், பாஸ்வேர்டும் சுலபமானது, அந்த வழியா தான் உள்ள வந்திருக்காங்க. சர்வர்லயே எப்பவும் சொருகி வெச்சிருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் அதே கதி. சரி, கிளவுட்ல இருக்கேன்னு கொஞ்சம் தைரியமா தான் இருந்தேன், ஏன்னா தினம் ராத்திரி 11 மணிக்கு "பேக்கப் சக்ஸஸ்"னு மெயில் வரும், ஒரு நாள் கூட தவறினதில்ல.

ரீஸ்டோர் போட்டு, அதாவது காப்பியை திரும்ப இறக்கி பார்த்தா கடைசி என்ட்ரி ஏழு மாசம் முன்னாடி நிக்குது. டாலியோட பழைய வெர்ஷன் ஈஆர்பி 9ல இருந்து புது வெர்ஷன் பிரைமுக்கு மாறினப்ப டேட்டா ஃபோல்டர் வேற இடத்துக்கு போயிடுச்சு, பேக்கப் சாஃப்ட்வேர் மட்டும் பழைய ஃபோல்டரையே தினம் பார்த்து, ஒரு ஃபைலும் மாறல, அதனால எல்லாம் நல்லா முடிஞ்சதுன்னு மெயில் அனுப்பிகினு இருந்திருக்கு. எங்க முதலாளி பாய் பக்கத்துல நின்னு பார்த்துட்டு, "இன்னாமா இது, தெனம் மெயில் வந்துகினு தானே இருந்துச்சு"ன்னாரு. எனக்கு பதில் வரல.

ஜிஎஸ்டி போர்ட்டல்ல விற்ற பில் ஜிஎஸ்டிஆர் 1 ரிட்டர்ன்ல இருந்து, வாங்கினது ஜிஎஸ்டிஆர் 2பி ஸ்டேட்மென்ட்ல இருந்து, மீதி பேங்க் ஸ்டேட்மென்ட், டெலிவரி சலான் எல்லாம் வெச்சு அஞ்சு வாரம் உக்காந்து திரும்ப என்ட்ரி போட்டோம். பிஎஃப் கணக்கு கூட போர்ட்டல்ல இருந்து கிடைச்சிடுச்சு. கிடைக்காதது ஓவர்டைம் கணக்கு. அது வெறும் எக்செல், வேற எங்கயும் கிடையாது. ஆற்காடு, திமிரி, கலவைல இருந்து வேன்ல வர்ற பொம்பளைங்க, ராத்திரி எட்டு மணி வரைக்கும் மெஷின்ல உக்காந்து தைச்ச மணி நேரம் அது. 7ஆம் தேதி சம்பளம். சூப்பர்வைசர் அக்கா அவங்க நோட்டுல எழுதி வெச்சிருந்ததையும் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு கேட்டதையும் வெச்சு போட்டோம், சந்தேகம் வந்த இடத்துல அவங்க சொன்னதையே எடுத்துக்கலாம்னு பாய் சொல்லிட்டாரு. அப்படியும் ஒரு அக்கா, "எனக்கு ஞாபகம் இல்லம்மா, நீயே பார்த்து போடு"ன்னு சொன்னது இன்னும் மனசுல நிக்குது.

அதனால கொட்டேஷன் குடுத்த மூணு பேர்கிட்டயும் முதல்ல இதை கேளுங்க: பணம் கட்டறதுக்கு முன்னாடி ட்ரையல்ல என் டேட்டாவை ஏத்தி, வேற ஒரு காலி கம்ப்யூட்டர்ல என் கண்ணு முன்னாடி இறக்கி, டாலில நேத்து போட்ட பில்லை திறந்து காட்டுவீங்களா? ஆகற நேரத்தை நீங்களே கடிகாரத்துல பாருங்க. தயங்கறவங்களை அப்படியே விட்டுடுங்க, எவ்வளவு மலிவா இருந்தாலும்.

நேரம்னு ஏன் சொல்றேன்னா, நம்ம ஊர் லைன் வேகம் தான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. 300 ஜிபி டேட்டான்னு வெச்சுக்கோங்க, 20 எம்பிபிஎஸ் அப்லோடுல முதல் தடவை ஏத்தவே 33 மணி நேரம், 50 எம்பிபிஎஸ்ல இறக்க 13 மணி நேரத்துக்கு மேல, அதுவும் லைன் ஒரு தடவை கூட கட் ஆகாம இருந்தா. அடிக்கடி எடுக்காத பழைய ஃபைலுக்குன்னு இருக்கற, விலை ரொம்ப கம்மியான ஆர்க்கைவ் ஸ்டோரேஜை சில பேர் பேக்கப்னு விப்பாங்க, அதுல ஃபைலை வெளிய எடுக்கற நிலைக்கு கொண்டு வரவே 12 மணி நேரம், சிலதுல 48 மணி நேரம் வரை ஆகும், வெளிய எடுக்க தனி சார்ஜும் உண்டு. ஏத்தற ரேட்டை மட்டும் கொட்டேஷன்ல போட்டிருப்பாங்க, இறக்கற ரேட்டை நீங்க தான் கேட்டு எழுதி வாங்கணும்.

அடுத்தது, காப்பி எங்க இருக்கு, யார் அழிக்க முடியும். 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்தது நமக்கெல்லாம் தெரியும், கீழ் தளத்துல யூபிஎஸ்ஸும் சர்வரும் வெச்சிருந்தவங்க பாடு என்னாச்சுன்னும் தெரியும். ஆனா பெரிய டேட்டா சென்டருக்கும் ஆபத்து வரும். அதே 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஎச்ங்கற கிளவுட் கம்பெனியோட டேட்டா சென்டர்ல ஒரு கட்டடமே எரிஞ்சு போச்சு, பேக்கப்பையும் அங்கயே வெச்சிருந்தவங்களுக்கு ரெண்டும் போச்சு. 2024 மே மாசம் ஆஸ்திரேலியால யூனிசூப்பர்ங்கற பென்ஷன் ஃபண்டோட கூகுள் கிளவுட் செட்டப்பே ஒரு கான்ஃபிகரேஷன் தப்பால அழிஞ்சிடுச்சு. 6 லட்சத்துக்கு மேல மெம்பர் இருக்கற ஃபண்டு அது. வேற ஒரு கம்பெனிகிட்டயும் தனியா பேக்கப் வெச்சிருந்தது மீண்டு வர ரொம்ப உதவியா இருந்துச்சு. அதனால ஒரு காப்பி ஆபீஸ்ல, ஒரு காப்பி கிளவுட்ல, முடிஞ்சா இன்னொண்ணு வேற லாகின்ல, வேற கம்பெனில.

நீங்க பிரைவேட் லிமிடெட்னா, கணக்கு புத்தகத்தோட பேக்கப் தினசரி இந்தியாவுக்குள்ள இருக்கற சர்வர்ல இருக்கணும்னு 2022 ஆகஸ்ட்ல விதி மாத்தியிருக்காங்க. சென்னை, மும்பை, ஹைதராபாத், புனேன்னு பெரிய கம்பெனிங்க எல்லாருக்கும் இங்கயே சென்டர் இருக்கு, எந்த ஊர்னு பேப்பர்ல கேளுங்க. எத்தனை நாள் பழைய காப்பி வெச்சிருப்பாங்கன்னும் கேளுங்க, ஜிஎஸ்டி ரெக்கார்டை ஆன்யுவல் ரிட்டர்ன் கடைசி தேதில இருந்து 72 மாசம் வெச்சிருக்கணும். உள்ள வந்த திருடன் நம்ம பாஸ்வேர்டையே வெச்சு கிளவுட் காப்பியை அழிச்சிட்டு தான் சர்வரை பூட்டுவான், அதனால குறிப்பிட்ட நாள் வரைக்கும் அட்மினாலயே அழிக்க முடியாத மாதிரி லாக் பண்ற வசதி, அவங்க பாஷைல இம்யூட்டபிள், கண்டிப்பா வேணும். கூகுள் ட்ரைவ்ல சிங்க் ஆகுதேன்னு நினைக்காதீங்க, இங்க கெட்டுப்போன ஃபைல் அங்கயும் அப்படியே போய் உக்காந்துக்கும். காப்பியை பூட்டி வெக்கற ரகசிய சாவி, என்கிரிப்ஷன் கீ, உங்க கைல மட்டும் இருந்தா அதை பிரிண்ட் எடுத்து முதலாளி வீட்டு பீரோல ஒண்ணு வைங்க, அது தொலைஞ்சா சர்வீஸ் குடுத்தவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

டிசாஸ்டர் ரெக்கவரின்னு தனியா ஒரு பெரிய தொகை கொட்டேஷன்ல இருக்கும், சர்வர் போனா கிளவுட்லயே அதே சர்வரை எழுப்பி ஓட்டறது அது. ஒரு நாள் முழுக்க டாலி இல்லாம உங்க யூனிட் ஓடுமா? எங்களுது ஓடும், கட்டிங்கும் தையலும் நிக்காது, கையால சலான் போட்டுக்கலாம், அதனால நாங்க எடுக்கல. ஸ்கேன் சென்டர், லேப் மாதிரி ஒரு மணி நேரம் நின்னாலே வாசல்ல பேஷண்ட் காத்துகினு இருக்கற இடம்னா எடுத்தே ஆகணும்.

இப்ப நாங்க முன்ன விட ரெண்டு மடங்கு பணம் கட்டறோம். ரிமோட் டெஸ்க்டாப்பை மூடிட்டோம், ஆடிட்டர் விபிஎன்ல, அதாவது பூட்டு போட்ட தனி வழில தான் வர்றாரு. மாசம் முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பழைய லேப்டாப்ல நான் ரீஸ்டோர் போட்டு, முந்தின நாள் கடைசி பில் நம்பரை ரிஜிஸ்டர்ல எழுதி பாய்கிட்ட கையெழுத்து வாங்கறேன். சூப்பர்வைசர் அக்கா தினம் வேன் கிளம்பறதுக்கு முன்னாடி ஓவர்டைம் நோட்டு பக்கத்தை போன்ல போட்டோ எடுத்து அனுப்பறாங்க, அதுவும் அதே பேக்கப்ல போகுது.