கோப்பை யாருக்கு: அடிக்கடி வந்தவருக்கா, வென்றவருக்கா?

வணக்கம். எட்டு சைக்கிள் பந்தயங்கள் கொண்ட உங்கள் தொடரில் ஐந்துக்கு மட்டும் வந்து நான்கில் ஜெயித்தவர், எட்டிலும் நான்காவதாக வந்தவரிடம் கோப்பையை இழந்துவிட்டார், இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோளாறு உங்கள் 10, 9, 8, 7 புள்ளி முறையில்தான். கூட்டிப் பாருங்கள்: நான்கு வெற்றியும் ஓர் இரண்டாமிடமும் சேர்ந்து 49. எட்டு நான்காமிடம் 56. வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி கூடுதல் என்றால், கடைசி இருநூறு மீட்டரில் உயிரைக் கொடுத்து மிதிப்பவருக்கு என்ன மிச்சம்?

டூர் டி பிரான்ஸ் என்ற பல நாள் சைக்கிள் பந்தயத்தில், அதிகப் புள்ளி எடுப்பவர் அணியும் பச்சைச் சட்டைக்கு, சமதளப் பாதையில் ஓடும் நாட்களில் 50, 30, 20, 18 என்று தருகிறார்கள். அதன்படி நீங்கள் சொன்ன இருவருக்கும் 230, 144. அமெச்சூர் தொடருக்கு இந்த இடைவெளி அதிகம் என்பது என் எண்ணம். 15, 12, 10, 8 போதும். அப்போது 72, 64 வரும்.

அப்புறம், எட்டில் சிறந்த ஆறு முடிவுகளை மட்டும் எண்ணுங்கள். வேலைக்கும் காய்ச்சலுக்கும் இரண்டு வாரம் விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கும். புள்ளி சமமானால் அதிக வெற்றி பெற்றவர் முன்னால். ஒரு நாள் ஓட்டாமல் முடிவுக் கோட்டருகே வருகிறவர்களின் எண்ணைக் குறித்துக்கொண்டு நிற்பவருக்கு அவருடைய சராசரிப் புள்ளியைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வேலைக்கு ஆள் கிடைக்காது.

ஆனால் இதெல்லாம் அடுத்த சீசனுக்கு. இந்த ஆண்டுக் கோப்பை, அறிவித்த விதிப்படி வாங்கியவரிடமே இருக்கட்டும்.