மூக்கில் சளி, நெஞ்சில் பயம்: வாசகர் கேள்வி பதில்

என் மகனுக்கு நான்கு மாதம். மூன்று நாளாகச் சளி. மூச்சு விடும்போது ‘கர்ர் கர்ர்’ என்று சத்தம் வருகிறது. முதுகில் கை வைத்தால் அதிர்வு தெரிகிறது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்கிறார் மாமியார். எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?
— வாசகி, திண்டுக்கல்

பெரும்பாலும் அது மூக்குச் சத்தம்தான். முதல் சில மாதங்களில் குழந்தை முக்கியமாக மூக்கு வழியாகத்தான் மூச்சு விடும். அந்தத் துளையோ மிகவும் குறுகியது. கொஞ்சம் சளி நின்றாலே வீடு முழுக்கக் கேட்கும். நெஞ்சுக்கூடும் மெல்லியது என்பதால் மூக்கிலும் தொண்டையிலும் எழும் சத்தம் முதுகு வரை அதிரும். கை வைத்துப் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சே கரகரப்பதுபோல் தோன்றும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். மூக்கைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி கை வையுங்கள். சத்தம் குறைந்தால் அது மூக்கிலிருந்து வந்தது. பையன் பால் குடிக்கிறான், சிரிக்கிறான், மூச்சு வேகமாக இல்லை என்றால் எக்ஸ்ரே தேவையில்லை. நெபுலைசரும் வேண்டாம். அதில் வைக்கும் மருந்து பெரும்பாலும் இளைப்புக்கானது. மூக்கடைப்பை அது தீர்க்காது.

சுத்தம் செய்ய மெடிக்கலில் ‘சலைன் நேசல் டிராப்ஸ்’ கேளுங்கள். ‘மூக்குக்கு சொட்டு மருந்து’ என்று மட்டும் கேட்டால் வேறு பாட்டில் கைக்கு வரலாம். லேபிளில் சோடியம் குளோரைடு 0.65 சதவீதம் என்று மட்டும் இருக்க வேண்டும். சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவை கைக்குழந்தைக்கு ஆகாது.

பால் கொடுப்பதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன்பு குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலை லேசாகப் பின்னால் சாயட்டும். ஒரு மூக்குக்கு இரண்டு சொட்டு விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பல குழந்தைகள் அதற்குள் தும்மியே வெளியே தள்ளிவிடும். தள்ளாவிட்டால் ரப்பர் பல்பை எடுங்கள். பல்பை முதலில் வெளியே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியை மூக்கு வாசலில் மட்டும் வைத்து, மெல்ல விட வேண்டும். மூக்குக்குள் வைத்து அழுத்தினால் காற்று சளியை உள்ளேதான் தள்ளும். முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் பல்பைக் கழுவி, உள்ளே இருக்கும் தண்ணீரையும் பிழிந்து காயவையுங்கள்.

உறிஞ்சுவது ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். அடிக்கடி உறிஞ்சினால் உள் தோல் வீங்கி அடைப்பு கூடும். சில சமயம் ரத்தமும் எட்டிப் பார்க்கும். மூக்கு ஒழுகினாலும் பால் நன்றாகக் குடிக்கிறான் என்றால் பல்பைத் தொடவே வேண்டாம்.

சளி மஞ்சளாகி இப்போது பச்சையாகிவிட்டது. ஆன்டிபயாடிக் வேண்டாமா?
— வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். நோய் எதிர்ப்பு அணுக்கள் சளியில் சேரும்போது நிறம் அப்படித்தான் மாறும். சளிக்குக் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது, வயிற்றுப்போக்கைத்தான் கொண்டுவரும். இரண்டாம், மூன்றாம் நாளில் சளி உச்சத்தில் இருக்கும், ஏழிலிருந்து பத்து நாளில் அடங்கும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம் இழுக்கலாம். குறைந்து வந்த சளி திடீரெனக் கூடி, புதிதாகக் காய்ச்சலும் வந்தால் அது வேறு கதை. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐந்து மாதப் பெண் குழந்தை, எடை 6 கிலோ. சளியோடு காய்ச்சலும் இருக்கிறது. வீட்டில் பாராசிட்டமால் டிராப்ஸும் சிரப்பும் இருக்கின்றன. எது, எவ்வளவு?
— வாசகி, ஆவடி

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே, இரவாக இருந்தாலும் மருத்துவமனைதான். வீட்டில் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உங்கள் குழந்தை அந்த வயதைத் தாண்டிவிட்டாள்.

அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. கிலோவுக்கு 15 மில்லிகிராம். 6 கிலோவுக்கு 90 மில்லிகிராம். குழப்பம் இதற்குப் பிறகுதான். டிராப்ஸ் பாட்டிலில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து இருக்கும், அதில் 0.9 மில்லி போதும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்று இருந்தால் 3.6 மில்லி வரும். அதே பெயரில் 5 மில்லிக்கு 250 என்றும் கிடைக்கிறது, அதில் 1.8 மில்லி. சிரப் கணக்கில் டிராப்ஸை 3.6 மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். அது கல்லீரலுக்கு ஆபத்து. அதனால் இரண்டையும் வீட்டில் வைக்காதீர்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மருத்துவர் சொன்ன மில்லி அளவை பாட்டில் மேலேயே பேனாவால் எழுதி ஒட்டுங்கள். சமையல் ஸ்பூன் வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்ச் நல்லது.

ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் போகக் கூடாது. ஆஸ்பிரின் அறவே கூடாது. குளிர்ந்த தண்ணீரால் துடைக்க வேண்டாம், நடுக்கம்தான் வரும். ஸ்வெட்டர், குல்லாவைக் கழற்றி மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள்.

பெரியவனுக்கு மூன்று வயதில் எழுதித் தந்த இருமல் சிரப் பாதி மிச்சம். எட்டு மாதக் குழந்தைக்குக் கொஞ்சமாகக் கொடுக்கலாமா?
— வாசகி, ஈரோடு

கூடவே கூடாது. குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்; அதில் இருந்தது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு. அதே ஆண்டு அக்டோபரில், இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் அறிவுறுத்தியது. கலப்படமில்லாத சிரப்பும் கைக்குழந்தையின் சளியைக் குறைப்பதில்லை. தூக்கத்தையும் படபடப்பையும்தான் தரும். மிச்சத்தை அப்புறப்படுத்துங்கள்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவுவது, தேன், சாம்பிராணி, குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது… எதைச் செய்யலாம்?
— வாசகி, மன்னார்குடி

நீங்கள் எழுதிய பட்டியலில் ஒன்றும் தேறவில்லை, மன்னியுங்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். கைக்குழந்தைக்கு வலிப்பு வரவழைக்கும். கடையில் விற்கும் தைலங்களும் இரண்டு வயது வரை வேண்டாம். தேனில், தசைகளை முடக்கும் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துக்கள் இருக்கலாம். ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் ஒரு வகை நிமோனியாவே வரும். ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக் குழலுக்குச் சாம்பிராணியும் கொசுவத்தியும் ஒன்றுதான், இரண்டும் புகை. கொதிக்கும் தண்ணீரில் ஆவி பிடிக்க வைத்து வெந்துபோன குழந்தைகளும் உண்டு.

பாட்டிகளின் கைப்பக்குவத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, தலையை உடனே துவட்டிவிடுவது. அதைத் தாராளமாகச் செய்யலாம். தலை குளித்தால் சளி அதிகமாகிவிடாது.

தூளி பற்றியும் சொல்ல வேண்டும். துணித் தூளியில் குழந்தையின் தாடை நெஞ்சில் இடிக்கும்படி மடங்கும். மூக்கும் அடைத்திருந்தால் மூச்சுக்குச் சிரமம். சளி இருக்கும் நாட்களிலாவது சமமான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கள். தலைக்குத் தலையணை வேண்டாம்.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?
— வாசகர், பரமக்குடி

சளியைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். குழந்தை தூங்கும்போதோ, அழாமல் மடியில் கிடக்கும்போதோ சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவிட்டு, மொபைலில் 60 விநாடி டைமர் வையுங்கள். வயிறு ஒரு தடவை எழுந்து இறங்கினால் ஒன்று. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது சரிவராது; கைக்குழந்தை நாலு மூச்சு வேகமாக விட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி தொடங்கும். முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் வேக மூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழே பாருங்கள். மூச்சை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அங்கே குழி விழுந்தால் எண்ணி முடிக்கக் காத்திருக்காமல் கிளம்புங்கள். முனகல், மூக்குத் துளை விரிவது, மார்பைப் பிடித்ததும் மூச்சுக்காக விட்டுவிடுவது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது ஆகியவையும் அப்படித்தான். உதடு நீலம் பூத்தால் 108-ஐ அழையுங்கள்.

சாதாரணச் சளியாகத் தொடங்கி மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாளுக்குள் இளைப்பாக மாறுவது பிராங்கியோலைட்டிஸ், அதாவது நுரையீரலின் சிறு மூச்சுக் குழல்கள் வீங்குவது. ஆர்எஸ்வி என்ற வைரஸ்தான் பெரும்பாலும் காரணம். அதனால் முதல் நாள் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று மருத்துவர் அனுப்பியிருந்தாலும் அந்த மூன்று நாளும் மூச்சை எண்ணிக்கொண்டே இருங்கள்.

எனக்கே சளி. தாய்ப்பால் கொடுக்கலாமா? வாழைப்பழம் சாப்பிட்டேன், அதனால்தான் குழந்தைக்கும் வந்ததாம்.
— வாசகி, கோவில்பட்டி

கொடுங்கள். உங்கள் உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள் பாலில்தான் போகிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுத்தால் போதும். மூக்கடைத்த குழந்தை நிறையக் குடிக்காது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். வாழைப்பழத்தைக் குறை சொல்லாதீர்கள், அது ஒரு பாவமும் செய்யவில்லை. குழந்தைக்குச் சளி வந்தது உங்கள் கையிலிருந்தோ, தும்மலிலிருந்தோதான்.

நாளை 14-வது வாரத் தடுப்பூசி. மூக்கு ஒழுகுகிறது, காய்ச்சல் இல்லை. தள்ளிப்போடலாமா?
— வாசகி, அரக்கோணம்

வேண்டாம், போட்டுவிடுங்கள். நிமோனியாவுக்கு எதிரான ஊசியும் அன்றைக்குத்தான்.