விழுந்த ஜோடி மேலே, விழாத ஜோடி கீழே: ஜூனியர் ஐஸ் டான்ஸில் நடுவர்கள் எதைத்தான் பார்க்கிறார்கள்?

கேள்வி: ஜூனியர் ஐஸ் டான்ஸ் போட்டி ஒன்றைப் பார்த்தேன். ஒரு ஜோடி பிசகே இல்லாமல் ஆடியது. இன்னொரு ஜோடியில் பையன் கீழே விழுந்தான். விழுந்த ஜோடிக்குத்தான் மேல் இடம். நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? யாருக்கு எந்த இடம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் வந்து உட்காருகிறார்களா?

நான் நடுவர் இல்லை. ஸ்கேட்டரும் இல்லை, ஐஸில் இறக்கிவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். ஆனால் சில வருடங்களாக ஜூனியர் போட்டிகளில் வீடியோ ரீப்ளே மேசையில் தன்னார்வலராக உட்கார்ந்து வருகிறேன். ஜோடி ஒரு அங்கத்தை, அதாவது தூக்குதல், சுழற்சி மாதிரி தனியாக மதிப்பெண் போடும் ஒரு பகுதியை, தொடங்கும்போது ஒரு பொத்தான், முடிக்கும்போது இன்னொரு பொத்தான். ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் இருக்கிறவர்கள் "அந்த ட்விசிலைப் போடுங்கள்" என்றால் அந்தத் துண்டை எடுத்துப் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். முதல் நாள் நானும் உங்களைப் போலத்தான் கொதித்தேன்.

அன்றைக்கு ஃப்ரீ டான்ஸ், போட்டியின் இரண்டாவது பகுதி. ஜூனியர்களுக்கு அது மூன்றரை நிமிடம், சீனியர்களுக்கு நான்கு. முதலில் ஆடிய ஜோடி கொஞ்சமும் தடுமாறவில்லை. கடைசி போஸில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது எனக்கே கை தட்டத் தோன்றியது (அந்த மேசையில் உட்கார்ந்து தட்டக்கூடாது). அடுத்தடுத்து இரண்டு ஜோடிகள் கழித்து வந்த ஜோடியில், லிஃப்ட் (பெண்ணைத் தூக்குவது) முடிந்து சும்மா நகர்ந்துபோகிற இடத்தில் பையனின் பிளேடு முனை ஐஸில் மாட்டி, முழங்கால் தரையில் பட்டு, கையூன்றி எழுந்தான். இரண்டு நொடி. மதிப்பெண் வந்தபோது அவர்கள்தான் மேலே, ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில். அரங்கில் ஒரு முனகல் கேட்டது.

ஆனால் அதற்குள் நான் அந்த முதல் ஜோடியின் ரீப்ளேயைப் போட்டுவிட்டிருந்தேன். ட்விசில் என்றால் ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டே ஐஸில் நகர்ந்து போவது. நகராமல் ஒரே இடத்தில் சுற்றினால் அது ட்விசில் இல்லை. அந்தப் பெண் மூன்றாவது ட்விசிலில், தூக்கி வைத்திருந்த காலின் பிளேடை ஒரு கணம் ஐஸில் தொட்டுவிட்டாள். விளக்கு வெளிச்சத்தில், பாவாடை விரிந்து சுழலும்போது, மேலேயிருந்து பார்க்கிற யாருக்கும் அது தெரியாது. எனக்கும் தெரியவில்லை. திரையில் மறுபடி ஓடவிட்டபோது பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் ஸ்டெப் சீக்வென்ஸ், அதாவது அடிகளும் திருப்பங்களும் தொடர்ந்து வரும் அங்கம். பிராக்கெட் என்று நினைத்துச் செய்த திருப்பம் பாதியில் வழுக்கிப்போய் வேறு எதுவோ ஆகியிருந்தது. ராக்கர் என்ற இன்னொரு திருப்பத்தில் கால் ஐஸைவிட்டு எம்பியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் லெவல், அதாவது செய்த அங்கத்தின் கடினத்துக்கான படி, இறங்கியது. பிசகே இல்லாத ஆட்டம் என்று நாம் நினைத்தது முழங்காலுக்கு மேலே மட்டும்தான்.

விழுந்த ஜோடியோ, விழுந்த அந்த இரண்டு நொடியைத் தவிர மீதி எல்லாவற்றிலும் லெவல் மூன்று, நான்கு என்று வாங்கியிருந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "நடுவர்கள்" என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டுகிறவர்கள் உண்மையில் இரண்டு கூட்டம். ஒன்று டெக்னிகல் பேனல், மூன்று பேர். ஜோடி செய்தது என்ன, எந்த லெவல் என்று மட்டும் இவர்கள் சொல்வார்கள். அழகாக இருந்ததா என்பது இவர்களுக்குத் தேவையே இல்லை. ட்விசிலிலும் ஸ்டெப் சீக்வென்ஸிலும் பெண்ணுக்கு ஒரு லெவல், பையனுக்கு ஒரு லெவல் என்று தனித்தனியாகக் கொடுப்பார்கள். அதனால் ஒரே அங்கத்தில் பையன் நான்கும் பெண் இரண்டும் வாங்குவது சகஜம். இன்னொரு கூட்டம்தான் நடுவர்கள், பெரிய போட்டிகளில் ஒன்பது பேர் வரை. செய்த அங்கத்தின் தரத்துக்கு மைனஸ் ஐந்திலிருந்து பிளஸ் ஐந்து வரை போடுவது இவர்கள். மொத்த ஆட்டத்துக்கும் அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன் என்று மூன்று தலைப்பில் பத்துக்கு மதிப்பெண் கொடுப்பதும் இவர்கள்தான். 2022 வரை ஐந்து தலைப்பு இருந்தது, பிறகு மூன்றாகச் சுருக்கிவிட்டார்கள்.

சரி, விழுந்ததற்கு என்ன தண்டனை? ஒருவர் விழுந்தால் ஒரு புள்ளி, இருவரும் விழுந்தால் இரண்டு. அங்கத்துக்கு நடுவே விழுந்திருந்தால் அந்த அங்கத்தின் தரமும் பாதாளத்துக்குப் போகும், லெவலும் கூடவே போகலாம். அந்தப் பையன் விழுந்தது இரண்டு அங்கங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில். அதனால் நேரடியாகப் போனது ஒரே ஒரு புள்ளி.

அதே ஒரு புள்ளி வேறு எதற்கெல்லாம் போகும் தெரியுமா? ஐஸ் டான்ஸில் சாதாரண லிஃப்ட் ஏழு நொடிக்குள் முடிய வேண்டும், இரண்டை இணைத்துச் செய்தால் பன்னிரண்டு நொடி. பையன் அந்தப் பெண்ணைத் தூக்கி, அவள் கையை விரித்து, கூட்டம் ஆர்ப்பரிக்க, அந்த மகிழ்ச்சியில் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றிவிட்டு இறக்கினால், விழுந்ததற்குச் சமமான கழிவு. நாம் கை தட்டுகிற அதே நொடியில் புள்ளி போய்க்கொண்டிருக்கும். ஆடையிலிருந்து ஒரு இறகோ பூவோ ஐஸில் உதிர்ந்தாலும் ஒரு புள்ளி. இதையெல்லாம் பார்த்த பிறகு, விழுவது என்பது கண்ணுக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிகிற சின்னத் தவறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போட்டியின் முதல் பகுதியான ரிதம் டான்ஸில் இது இன்னும் கடுமை. ஜூனியர்களுக்கு அதில் பேட்டர்ன் டான்ஸ் என்று ஒன்று வரும். எல்லா ஜோடியும் ஒரே தடத்தை, ஒரே அடிகளை, ஒரே கணக்கில் போட வேண்டும். 2018-19 பருவத்தில் அவர்களுக்கு வந்தது அர்ஜென்டைன் டாங்கோ. பெயரைப் பார்த்துப் புவெனஸ் அயர்ஸ் என்று நினைக்க வேண்டாம். 1934இல் லண்டனில் ரெஜினால்ட் வில்கி, டாஃப்னி வாலிஸ் என்ற இருவர் வகுத்தது அது. அவர்கள் போட்ட கோட்டின் மேல் இன்றைய பதினைந்து வயதுப் பிள்ளைகள் காலை வைத்துப் பார்க்கிறார்கள். பேனல் அதில் குறிப்பிட்ட சில அடிகளை மட்டும் உற்றுப் பார்க்கும்: விளிம்பு சரியா, திருப்பம் சுத்தமா, எத்தனை தாளம் பிடிக்க வேண்டுமோ அத்தனை பிடித்தார்களா.

விளிம்பு என்று சொன்னேனே, அதை ஒரு முறை கண்ணால் பார்த்தால்தான் புரியும். பிளேடின் அடிப்பக்கம் தட்டை இல்லை, நடுவில் குழிந்து இரண்டு ஓரம் கொண்டது. உள் ஓரத்திலோ வெளி ஓரத்திலோ சாய்ந்து போனால் ஐஸில் ஒற்றைக் கோடு விழும். சாயாமல் நேராக நின்று போனால் இரண்டு கோடு. ஒரு நாள் பயிற்சி நேரம் முடிந்ததும், ஐஸைச் சமன் செய்யும் வண்டி வருவதற்குள், ஒரு கோச் என்னைத் தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு வளைவு முழுக்க முடி கனத்தில் ஒற்றைக் கோடு. அதற்குப் பக்கத்தில் இன்னொருவர் போன வளைவு, பாதி வழி ஒற்றை, அப்புறம் தண்டவாளம் மாதிரி இரட்டை. "லெவல் நான்குக்கும் இரண்டுக்கும் நடுவில் இருப்பது இதுதான்" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் இந்த விளையாட்டு புரிந்தது.

முன்முடிவு பற்றி. உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடி ஸ்கேட்டிங் (ஐஸ் டான்ஸ் அல்லாத வேறு பிரிவு) முடிவில் பிரெஞ்சு நடுவர் ஒருவர் நெருக்குதலுக்குப் பணிந்து ஓட்டுப் போட்டதாக வெடித்த விவகாரத்தில், அதற்குக் கைமாறாகப் பேசப்பட்டதாகச் சொல்லப்பட்டது ஐஸ் டான்ஸ் தங்கம். அந்தக் கலாட்டாவுக்குப் பிறகுதான் ஆறுக்கு மதிப்பெண் போடும் பழைய முறை போய் இன்றைய முறை வந்தது. வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. எந்த நடுவர் என்ன போட்டார் என்பதையே மறைத்துவிட்டார்கள். 2016இல்தான் அந்த மறைப்பை நீக்கினார்கள். இப்போது போட்டி முடிந்ததும் வெளியாகும் புரோட்டோகாலில் ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு அங்கத்துக்கும் போட்டது வரிசையாக இருக்கும். ஒன்பது பேரில் மிக அதிகமாகப் போட்டதையும் மிகக் குறைவாகப் போட்டதையும் தள்ளிவிட்டு மீதியின் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். எல்லாரும் ஆறு போடும்போது ஒருவர் மட்டும் தன் நாட்டுப் பிள்ளைக்கு எட்டு போட்டால், அந்த எட்டு குப்பைக்குத்தான் போகும்.

அதனால் எல்லாம் சுத்தம் என்று சொல்லவில்லை. டெக்னிகல் பேனல் தப்பு செய்து நான் பார்த்தது மிகக் குறைவு. என் குறை அந்த மூன்று தலைப்பு மதிப்பெண்களில்தான். அடிப்படையில் அவை மூன்று வெவ்வேறு கேள்விகள். நடைமுறையில் ஏழு, ஏழு, ஏழேகால் என்று ஒரே படியில் அளந்து ஊற்றியது போல வரும். போன மாதம் வேறு போட்டியில் ஆறரை வாங்கிய ஜோடி இந்த மாதம் உயிரைக் கொடுத்து ஆடினாலும் ஆறேமுக்கால். பெயர் தெரிந்த ஜோடி சோம்பலாக ஆடினாலும் ஏழுக்குக் கீழே இறங்காது. சதி இல்லை இது, பழக்கம். ஆனால் ஒவ்வொரு தலைப்பிலும் கால் புள்ளி கூடினால், ஃப்ரீ டான்ஸில் அதைப் பெருக்கும்போது விழுந்ததற்குக் கழித்த ஒரு புள்ளியை அது தாண்டிவிடும். நீங்கள் பார்த்த போட்டியில் அநியாயம் நடந்திருந்தால், தேட வேண்டிய இடம் இதுதான்.

ஆட்டத்தின் வெளிப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ஜூனியர்களில் எனக்குப் பிடித்ததே அதுதான். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் காதல் தோல்வி, நாடகப் பாணிச் சோகம் என்று கோரியோகிராஃபர்கள் தலையில் கட்டிவிடுவார்கள். நடுவர்கள் பக்கம் வரும்போது முகத்தில் துக்கம் பொங்கும். மறுபக்கம் திரும்பியதும் அடுத்த அடியை எண்ணிக்கொண்டிருக்கும் பள்ளிப் பிள்ளையின் முகம். காதல் இல்லாமல் ஐஸ் டான்ஸ் இல்லை என்று யாராவது சொன்னால் நான் 2017, 2022, 2023 ஆண்டுகளின் உலக ஜூனியர் சாம்பியன்களைக் காட்டுவேன்: ரேச்சல் பார்சன்ஸ் - மைக்கேல் பார்சன்ஸ், ஊனா பிரவுன் - கேஜ் பிரவுன், கேட்டெரினா ம்ரஸ்கோவா - டேனியல் ம்ரசெக். மூன்று ஜோடியும் உடன்பிறந்தவர்கள். ஒருவர் கண்ணை ஒருவர் ஏக்கத்தோடு பார்க்காமலேயே தங்கம் வாங்கினார்கள்.

இன்னொன்று, இந்த வயதில் உடம்பே சதி செய்யும். ஒரு கோடையில் பையன் சட்டென்று உயர்ந்துவிடுவான். பழகிய லிஃப்டின் பிடி எல்லாம் மாறிப்போகும். இருவரின் காலடி நீளமும் பொருந்தாது. போன வருடம் ஒட்டிக்கொண்டு போனவர்கள் இந்த வருடம் கை நீளத்துக்கு விலகி ஆடுவார்கள். விலகி ஆடுவது எளிது, நெருங்கிய பிடியில் இருவர் முழங்காலும் இடிக்காமல் போவதுதான் கஷ்டம். நடுவர்கள் அந்த இடைவெளியைக் கவனிப்பார்கள். தர வரிசையும் இப்படித்தான் புரளும். 2013 உலக ஜூனியரில் பாபடாகிஸ் - சிஸெரோன் இரண்டாவதுதான். அவர்களே 2022 பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம். 2006இல் மூன்றாவதாக வந்த மெரில் டேவிஸ் - சார்லி ஒயிட் 2014இல் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்கள்.

உங்கள் ஜோடி விஷயத்துக்கு என் யோசனை: அந்தப் போட்டியின் புரோட்டோகாலை எடுங்கள். இரண்டு ஜோடியின் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலில் லெவல் வரிசையைப் பாருங்கள், பெண்ணுக்கும் பையனுக்கும் தனித்தனியாக. அங்கேயே விடை கிடைத்தால் சரி. லெவல்கள் ஏறக்குறைய சமமாக இருந்து, கீழே அந்த மூன்று தலைப்பில் மட்டும் ஒரு ஜோடி ஏறி நின்றால், அப்போது வீடியோவை ஒலி இல்லாமல் ஓடவிட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். எந்த ஜோடி குறைந்த உந்தலில் ஐஸின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிறது, யாருடைய முழங்கால் மடிந்து கொடுக்கிறது என்று பாருங்கள். அப்புறமும் உங்களுக்கு முதல் ஜோடிதான் மேல் என்று பட்டால், நான் உங்கள் கட்சி.

அன்றைக்கு விழாமல் ஆடிய அந்த முதல் ஜோடியின் பெண்ணும் பையனும் மதிப்பெண் அட்டை வந்ததும் அதை வாங்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றார்கள். பையன் விரலை ட்விசில் வரியில் வைத்து அவளைப் பார்த்தான். அவள் "தொட்டுட்டேன், எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.